மாதம்மாள் கடல் பார்த்த நாள்

கீதாஞ்சலி டீச்சருக்குக் குழம்பு ஊற்றும்போது மட்டும் மாதம்மாள் கரண்டியை அடிவரை விடமாட்டாள். மேலே தெளிந்து நிற்பதை மொண்டு ஊற்றுவாள். காயும் பருப்பும் மற்றவர்களுக்கு. இரண்டு வருடமாக இது நடந்துவந்தது. ஒரு நாள் டீச்சர் தட்டைக் கழுவிக்கொண்டே, "அக்கா, உங்க ரசம் மாதிரி எங்க படவேட்டுல யாருக்கும் வைக்க வராது" என்றாள். மாதம்மாளுக்கு அன்று முழுக்க எரிச்சல் அடங்கவில்லை.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ஊர் அவளுடையது. வயது நாற்பது. கணவன் சடையன் ஒன்றரை ஏக்கரில் சாமை போடுவான். புளி உலுக்கும் காலத்தில் ஊரெல்லாம் அவனைத்தான் மரமேறக் கூப்பிடும். பிள்ளைகள் இரண்டும் பெண்கள். மூத்தவள் சின்னக்குழந்தை செங்கத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள். இளையவள் அன்பரசி, மாதம்மாள் சமையல் வேலை பார்க்கும் உறைவிடப் பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு. விடுதியில் தங்கிப் படித்தாள்.

மகள் படிக்கும் இடத்திலேயே வேலை கிடைத்ததில் மாதம்மாளுக்குப் பெருமைதான். நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது வரிசையில் தன் பெண்ணும் தட்டோடு வருவாள், ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புவரை அது போதுமாக இருந்தது. பிறகு சமூக அறிவியலுக்குக் கீதாஞ்சலி டீச்சர் வந்தாள்.

இருபத்தேழு வயது. ஸ்கூட்டியில் வருவாள். பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லமாட்டாள், கூட உட்கார்ந்துகொள்வாள். வந்த ஒரு மாதத்தில் அன்பரசி நேர்வகிடை மாற்றிப் பக்கவகிடு எடுத்தாள். டீச்சருக்குப் பக்கவகிடு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் வாயைத் திறந்தால் 'எங்க மிஸ்', மூடினால் 'எங்க மிஸ்'. ஒரு நாள் மாதம்மாள், "வூட்டுக்குள்ள வந்து குந்திகினு சாப்புடு" என்றதற்கு, "வூடு இல்லம்மா, வீடு. மிஸ் அப்டித்தான் சொல்லுவாங்க" என்றாள்.

"உங்க மிஸ் பொறந்தது மட்டும் இன்னா சீமையா? படவேட்டுலயும் வூடுதான்" என்றாள் மாதம்மாள்.

அன்பரசி சிரிக்கவில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போவதாக முடிவானது. எல்லாப் பள்ளியும் போகிற இடமாக வேண்டாம் என்று கீதாஞ்சலி டீச்சர் தலைமையாசிரியரிடம் சொல்லி, கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலம்பரைக் கோட்டையைத் தேர்ந்தெடுத்தாள். கழிமுகத்து நீரை ஒட்டிய பழைய கோட்டை. நீருக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். பெண்பிள்ளைகளோடு போக ஒரு பெண் ஆள் வேண்டும், மத்தியானச் சோற்றுக்கும் ஆள் வேண்டும் என்று மாதம்மாளையும் வரச் சொன்னார்கள்.

மாதம்மாள் கடலைப் பார்த்ததில்லை. அன்பரசியும் பார்த்ததில்லை. ஒரு வாரமாக மாதம்மாளுக்கு அதே நினைப்பு. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்முதலாகக் கடல் முன்னால் போய் நிற்பது. 'தோ பாரு' என்று காட்டுவது. அந்த இடத்தில் டீச்சர் வேண்டியதில்லை.

விடியும்போது பஸ் மலையிறங்க ஆரம்பித்தது. மாதம்மாள் கடைசி சீட்டில் புளியோதரை அண்டாவுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில். அன்பரசி முன்னால், இரண்டாவது வரிசையில், டீச்சருக்குப் பக்கத்தில். வளைவுக்கு வளைவு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். மாதம்மாள் பாதி எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள். அன்பரசி குனிவது தெரிந்ததும் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் ஓடினாள். அதற்குள் டீச்சர் பையைப் பிடித்து, முதுகைத் தடவி, தன் கைக்குட்டையால் வாயும் துடைத்துவிட்டிருந்தாள்.

"இத மோந்து பாரு அன்பு" என்று பழத்தை நீட்டினாள் மாதம்மாள்.

"நீ போய் குந்தும்மா. மிஸ் பாத்துக்குறாங்க."

முகம் வெளுத்திருந்தது. கண்ணில் என்னவோ பயம் மாதிரி இருந்தது. மாதம்மாள் அதைப் பார்த்தாள், ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. டீச்சரின் கை இன்னும் பெண்ணின் முதுகில் இருந்தது. மனம் அங்கே நின்றது. பழத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தாள். போளூர், வந்தவாசி எல்லாம் எப்போது வந்தன, எப்போது போயின என்று தெரியவில்லை. முன்னால் ஒட்டி ஒட்டிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு தலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றபோது டீச்சரும் அன்பரசியும் மட்டும் இறங்கிப்போய்த் திரும்பி வந்தார்கள். டீச்சர் ஒரு மருந்துக்கடைப் பையைத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். பெண்ணுக்கு ஏதோ வாங்கிக் கொடுக்கிறாள், சாக்லேட்டாக இருக்கும் என்று மாதம்மாள் நினைத்தாள்.

ஆலம்பரையில் இறங்கியபோது பத்தரை மணி. கோட்டை என்று சொல்ல இடிந்த சுவர்கள்தான் மிச்சம். செங்கல்லும் சுண்ணாம்பும் உப்புக்காற்றில் அரித்துப்போய், சில இடத்தில் ஆள் உயரம், சில இடத்தில் இரண்டாள் உயரம். சுவர் நிழலில் மீனவர்கள் வலை உலர்த்தியிருந்தார்கள். தலைமையாசிரியர் ராஜாக்கண்ணு பிள்ளைகளை எண்ணினார். டீச்சர் ஒரு கல்மேல் ஏறி நின்றாள்.

"இங்கருந்துதான் ஒரு காலத்துல கப்பல்ல உப்பு, துணி, நெய் எல்லாம் போச்சு. முதல்ல நவாப்புங்க கையில இருந்துச்சு. அப்பறம் பிரெஞ்சுக்காரங்க. அவங்கள ஜெயிச்ச இங்கிலீஷ்காரங்க இத உடைச்சுப்போட்டாங்க."

"ஜெயிச்சவங்க ஏன் மிஸ் உடைக்கணும்? அவங்களே வச்சிக்கலாம் இல்ல?" என்று கவியா என்ற பெண் கேட்டாள்.

"தங்களுக்கு வேணும்னு இல்ல. மத்தவங்களுக்கு மறுபடி கிடைச்சிடக்கூடாதுன்னுதான்."

அண்டாவை இறக்கிக்கொண்டிருந்த மாதம்மாளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

சோற்றை வேப்பமரத்தடியில் மூடி வைத்துவிட்டுப் பெண்ணைத் தேடினாள். பிள்ளைகள் கிழக்குச் சுவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவர் சரிந்து படி மாதிரி கிடந்த இடத்தில் மூச்சு வாங்க ஏறினாள். மேலே அன்பரசி நின்றிருந்தாள். பின்னாலிருந்து டீச்சர் இரண்டு கையாலும் அவள் கண்ணைப் பொத்தியிருந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்ப பாரு."

கையை எடுத்தாள். மாதம்மாள் நின்ற இடத்திலிருந்து கடல் தெரிந்திருக்கும். அவள் கடலைப் பார்க்கவில்லை, மகள் முகத்தைப் பார்த்தாள். அந்த வாய் மெல்லத் திறந்தது. கண் விரிந்தது. பிறந்து மூன்றாம் மாதம் முதல்முதலாக விளக்கைப் பார்த்தபோது அப்படி ஒரு முகம் வைத்தாள், அதை மாதம்மாள்தான் பார்த்தாள். இதை டீச்சர் வாங்கிக்கொண்டாள்.

"இன்னா மிஸ் இவ்ளோ பெருசு!" என்று சொல்லி அன்பரசி டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மாதம்மாள் அவர்கள் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டாள். அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள்.

பிறகு படகு சவாரி. மீனவர்களின் இரண்டு படகு. மஞ்சள் மிதவை உடுப்பு மாட்டி, பத்துப் பத்துப் பிள்ளைகளாக அக்கரை மணல் திட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார்கள். முதல் நடையிலேயே அன்பரசி போவாள் என்று மாதம்மாள் நினைத்தாள். போகவில்லை. இரண்டாம் நடையிலும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது டீச்சரும் அவளும் கரையை விட்டு மீனவர் வீடுகள் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். டீச்சரின் நீலத் துப்பட்டா அன்பரசியின் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தது.

துப்பட்டாவையும் கொடுத்துவிட்டாளா? மாதம்மாள் அண்டாவைப் பார்த்துக்கொள்ளும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டு எழுந்து பின்னால் நடந்தாள்.

ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் நின்றார்கள். அன்பரசி உள்ளே போனாள். வீட்டுக்கார அம்மாள், ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். கையில் சர்க்கரை டப்பா.

"மொதல்ல நீ வாயத் தொற" என்று டீச்சர் வாயில் ஒரு கை சர்க்கரையைப் போட்டாள். "தங்கச்சியா உனுக்கு? நல்ல வேளையாதான் பொண்ணு பெரிய மனுசி ஆயிருக்கு. வெள்ளிக்கெழம. தாய்மாமனுக்குப் போன் போட்டு சொல்லு, போ."

மாதம்மாள் வாசலில் கிடந்த வலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். தன் வயிற்றில் பிறந்த பெண் பெரியவளானதை ஊர் பேர் தெரியாத ஒருத்தி வாயால் கேட்டாள். சர்க்கரையை டீச்சர் தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கார அம்மாள் அவளைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றாள்.

"சமையல்காரி" என்றாள் மாதம்மாள்.

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அக்கா! நானே உங்க கிட்ட..."

"எப்ப ஆச்சி?"

"காலைல. பஸ்ல."

"காலைல ஆனது மத்தியானம் வரைக்கும் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்." மாதம்மாள் டீச்சரை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் பின்னாடி சீட்டுல பொணமாட்டம் குந்திகினு வந்தனா?"

பேச்சுச் சத்தம் கேட்டு அன்பரசி வெளியே வந்தாள். துப்பட்டாவை மறுபடி இடுப்பில் சுற்றியிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலைத்தான் மாதம்மாளால் தாங்க முடியவில்லை. எட்டி, துப்பட்டாவின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். அது அவிழ்ந்து கையோடு வந்தது. டீச்சர் மேல் வீசினாள்.

"உன் துணி உன்னோட இருக்கட்டும். எம்பொண்ணுக்கு எந்துணி இருக்குது."

அதே நேரம் படகு ஒன்று கரை சேர்ந்து, எட்டாம் வகுப்புப் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக ஓடி வந்தார்கள். அன்பரசியின் வெளிர்நிறப் பள்ளிப் பாவாடையின் பின்பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி கறை. அவள் இரண்டு கையையும் பின்னால் வைத்து மறைத்தாள். மறைக்க முடியவில்லை. முகம் கோணி, சத்தம் வராமல் அழுதாள். வீட்டுக்கார அம்மாள் பாய்ந்து வந்து அவளைத் தோளோடு அணைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பையன்கள் ஒன்றும் புரியாமல் கடந்து போனார்கள்.

மாதம்மாள் வெளியில் நின்றாள். செய்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது.

டீச்சர் துப்பட்டாவை எடுத்து மண்ணைத் தட்டினாள். அவளுக்கும் கோபம் ஏறியிருந்தது.

"அம்மா கிட்ட சொல்லலாம்னு நான் மூணு தடவ சொன்னேன் அக்கா. வேணாம் மிஸ்னு என் காலப் புடிச்சா. சின்னக்குழந்தை அக்காவ நிறுத்துன மாதிரி என்னயும் ஸ்கூல விட்டு நிறுத்திடுவாங்கன்னு அழுதா. அந்தப் பயத்த நான் குடுக்கலக்கா."

மாதம்மாள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

சின்னக்குழந்தையை அவள் நிறுத்தவில்லை. தனக்குத்தானே இத்தனை வருடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஒன்பதாவதில் மூத்தவள் பெரியவளானாள். ஊர் வழக்கப்படி தனியாக ஒதுக்கி உட்கார வைத்து, தாய்மாமன் சீர் முடிய ஒரு மாதம் ஆனது. பிறகு சாமைக்குக் களை வந்தது. பிறகு அறுப்பு. பிறகு, இனி போனால் பாடம் புரியாது என்று அவளே சொன்னாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அப்போது ஏழு வயது அன்பரசி, அக்காவின் புத்தகப் பை சுவரில் தொங்கித் தொங்கிப் பூசணம் பிடித்ததைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள்.

மாதம்மாள் கதவைத் தட்டினாள்.

"அன்பு. கதவத் தொற."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். "மிஸ் இருக்காங்களா?"

அந்த நேரத்திலும் அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. "இருக்காங்க. நானும் இருக்கறன்."

"புதன்கெழம கணக்குப் பரீட்ச இருக்குது."

"ஒம்போது நாளாவது உக்கார வெக்கணும் கண்ணு. மாமன் வரணும். ஊர்ல கேப்பாங்க."

கதவு திறக்கவில்லை. மாதம்மாள் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுவாள், அவள் சொன்னால் எதிர்த்துப் பேசலாம் என்று இருந்தது. டீச்சர் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி. பரீட்ச போனா போவுது, நான் சார் கிட்ட கேட்டுக்கறன். ஆனா ஏழு நாள்தான். எட்டாம் நாள் ஸ்கூலுக்கு நானே இட்டாந்து வுடறன். உங்கப்பன் கிட்ட நான் பேசறன்."

"மிஸ் கிட்ட சொல்லு."

"உங்கிட்டதான சொல்றன்?"

"மிஸ் கேக்கற மாதிரி சொல்லும்மா. அப்பதான் வருவன்."

பெற்ற தாயின் சொல்லுக்கு டீச்சர் சாட்சி. மாதம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், எட்டாம் நாள் எம்பொண்ண நானே ஸ்கூல்ல கொண்டாந்து வுடறன்ங்க. போதுமா?"

"போதும்க்கா" என்றாள் டீச்சர்.

கதவு திறந்தது. வீட்டுக்கார அம்மாள் தன் மகளின் பாவாடை ஒன்றை அன்பரசிக்கு மாற்றிவிட்டிருந்தாள். மாதம்மாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெத்தவ நான்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அவள் வாயிலும் சர்க்கரையைப் போட்டாள். மாதம்மாள் அதை விழுங்கிவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்துத் தன் கையால் மகளுக்கு ஊட்டினாள். "அவசரத்துல இழுத்துட்டன்டி" என்றாள். அன்பரசி மென்றாள்.

சாப்பாடு முடிந்தபின் கடைசியாக ஒரு படகு நடை புறப்பட்டது. இன்றைக்குத் தண்ணீர் தாண்டக்கூடாது என்றாள் வீட்டுக்கார அம்மாள். மாதம்மாளுக்கும் மனசுக்குள் அப்படித்தான் இருந்தது. ஆனால் டீச்சர் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டியிருந்தது. படகில் டீச்சர் வரமாட்டாள்.

"வா போலாம்" என்று மகள் கையைப் பிடித்தாள்.

மணல் திட்டைத் தாண்டி நடந்து இருவரும் கடல் முன்னால் நின்றார்கள். அலை வந்து மாதம்மாளின் கால் மணலை உருவிக்கொண்டு போனது. விழப்போனவள் மகளைப் பிடித்துக்கொண்டாள். அன்பரசி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அம்மாவைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான். மாதம்மாளுக்குக் கடல் அப்போது நன்றாகத் தெரிந்தது.

"ஏம்மா, நெலா இழுக்கறதாலதான் தண்ணி ஏறி ஏறி எறங்குதாம்."

"யாரு சொன்னா?"

"மிஸ்."

மாதம்மாள் கையை விடவில்லை. "உங்க மிஸ்ஸு நெலாவையும் வுடமாட்டாளா?" என்றாள்.

ஊரில் சொன்னபடி எளிதாக முடியவில்லை. மாதம்மாளின் தம்பி சந்திரன், ஏழு நாளில் சீர் எடுத்துவர முடியாது என்று முகத்தைத் தூக்கினான். சடையன், "ஊரு இன்னா சொல்லும்?" என்றான். "மூத்தவ படிப்பு நின்னப்ப ஊரு இன்னா சொல்லிச்சி? ஒண்ணும் சொல்லல இல்ல, இப்பவும் ஒண்ணும் சொல்லாது" என்றாள் மாதம்மாள். ஐந்தாம் நாள் கீதாஞ்சலி டீச்சர் ஸ்கூட்டியில் வந்தாள். ஒரு பட்டுப்பாவாடை கொண்டுவந்தாள். மாதம்மாள் எடுத்த சேலையைவிட அது நன்றாக இருந்தது. அன்பரசி அதைத்தான் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். மாதம்மாள் அன்றைக்கு இரண்டு தடவை அடுப்படிக்குப் போய்த் தனியாக நின்றுவிட்டு வந்தாள்.

எட்டாம் நாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வகுப்பு வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். டீச்சர் தலையை ஆட்டினாள். மாதம்மாளும் ஆட்டினாள். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருடமே ஜூன் மாதம் டீச்சருக்குக் கீழே கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்தது. அன்பரசி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்கு சந்தோசமாத்தான் இருந்திச்சி, பொய் சொல்லமாட்டன்" என்று மாதம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள். இனி 'எங்க மிஸ்' இல்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெண் தன்னுடையவள் என்று நினைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அன்பரசி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கிடந்தாள். கேட்டதற்கெல்லாம் 'ம்' என்றாள்.

சாயங்காலம் மாதம்மாள் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் பக்கத்தில் போனாள். பள்ளிக்கூடத்தில் எழுதி வாங்கி வைத்திருந்த எண்ணை அவளே அழுத்தினாள்.

"டீச்சர், நான் மாதம்மா. நல்லா கீறீங்களா? தோ, அவ பேசணுமாம்" என்று சொல்லி, பின்னால் வந்து நின்ற மகள் கையில் கொடுத்தாள்.

அன்பரசி போனை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். எட்டாம் வகுப்பு, புது டீச்சர், விடுதியில் கவியாவோடு சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மாதம்மாளுக்கு அதில் பாதி புதுச் செய்தி. நடுவில் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொல்லி டீச்சர் சிரிக்க வைத்தாள் என்று மாதம்மாளுக்குக் கேட்கவில்லை. முதுகை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பேச்சு முடியும்வரை அங்கேயே நின்றாள்.